அம்மாவோட கட்டியில இருக்குற மாற்றம் பிள்ளைங்களுக்கும் வருமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு வாசகி, "ரிப்போர்ட்ல இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்னு போட்டிருக்காங்க, அப்படின்னா என்னக்கா"ன்னு கேட்டிருந்தாங்க. அது எல்லார் உடம்புலயும் இருக்குற ஒரு மரபணு, அதுலேர்ந்து வர்ற என்சைம்தான் செல்லுக்கு வளரு, பெருகுன்னு சிக்னல் கொடுக்குது, நுரையீரல் கட்டியில அது கெட்டுப்போயிருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்குன்னு நாலு வரியில பதில் போட்டேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்களப் பார்த்தா நாலு வரி பத்தவே பத்தாதுன்னு தெரிஞ்சுது, அதனால இந்த மாசம் சமையல் குறிப்பு சந்தேகம், முடி கொட்டுறது எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு இதுக்கே முழுப் பக்கமும் கொடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல, அதனால மருந்த மாத்துறது நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டரக் கேட்டுத்தான். பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் எழுதியிருந்ததால யார் பேரையும் போடல, சிங்கப்பூர்ல எந்தப் பேட்டைங்குறது மட்டும்தான்.

அக்கா, எங்கம்மாவுக்கு 61 வயசு, வாழ்க்கையில ஒரு சிகரெட் தொட்டதில்ல, அப்பாவும் சிகரெட் பிடிக்கமாட்டாரு. நுரையீரல் கேன்சர்னு சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்ல 'இஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலிஷன்'னு இருக்கு. மரபணு கோளாறுன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் குடும்ப வியாதிங்குறாங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருக்கோம். அவங்க வீட்ல இதச் சொல்லணுமா? நாங்க மூணு பேரும் டெஸ்ட் எடுக்கணுமா? – ஈசூன் வாசகி

முதல்ல உங்க சொந்தக்காரங்களுக்கு பதில் சொல்லிடுறேன்மா, ஏன்னா இந்த ஒரே விஷயத்தக் கேட்டு இன்னும் அஞ்சாறு கடிதம் வந்திருக்கு. அம்மா ரிப்போர்ட்ல இருக்குற அந்த மாற்றம் அம்மா பிறக்கும்போது இருந்தது இல்ல. அவங்க ரத்த செல்லுல இல்ல, தோல் செல்லுல இல்ல, உங்களப் பெத்த கருமுட்டையில இல்ல. நுரையீரல்ல ஏதோ ஒரு செல்லுல, எத்தனையோ வருஷம் கழிச்சு, டிஎன்ஏ நகல் எடுக்குறப்ப நடந்த ஒரு பிழை, அந்த ஒரு செல் பெருகிப் பெருகித்தான் கட்டியாகுது, அதனால கட்டிக்குள்ள மட்டும்தான் அந்த மாற்றம் இருக்கு. பிள்ளைங்களுக்குப் போறதுக்கு அதுக்கு வழியே இல்ல. லேப்ல ஊசி விட்டு எடுத்த அந்தக் கட்டித் துண்டுலதான் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, ரிப்போர்ட் மேல 'சாம்பிள்'னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அங்க நுரையீரல் திசுன்னு எழுதியிருக்கும். அந்தக் கட்டத்த சொந்தக்காரங்ககிட்ட காட்டுங்க.

மரபணுங்குறது நோயோட பேர் இல்ல. இஜிஎஃப்ஆர் உங்ககிட்டயும் இருக்கு, எங்கிட்டயும் இருக்கு, இதப் படிக்கிற எல்லார்கிட்டயும் 7வது குரோமோசோம்ல உக்காந்திருக்கு, இல்லாட்டி நாம கருவுலயே ஒழுங்கா வளர்ந்திருக்க மாட்டோம். அதுலேர்ந்து வர்ற புரோட்டீன் 1,210 அமினோ அமிலம் கோத்த நீளமான சங்கிலி, செல்லோட தோல குத்திக்கிட்டு பாதி வெளியவும் பாதி உள்ளயும் நிக்கும். வளர்ச்சிக் காரணின்னு ஒரு சின்னப் புரோட்டீன் வெளிப் பக்கத்துல வந்து ஒட்டுச்சுன்னா ரெண்டு இஜிஎஃப்ஆர் ஜோடி சேரும், ஜோடி சேர்ந்ததும் உள்ள இருக்குற என்சைம் பகுதி முழிச்சுக்கும், செல்லுக்கு சக்தி கொடுக்குற ஏடிபிங்குற மூலக்கூறுலேர்ந்து ஒரு பாஸ்பேட்டப் பிச்சு எடுத்து ஜோடியோட வாலுல இருக்குற டைரோசின்ங்குற அமினோ அமிலத்துல ஒட்டும். அவ்வளவுதான் அதோட வேலை, இதத்தான் டைரோசின் கைனேஸ்னு சொல்றாங்க. அப்படி பாஸ்பேட் ஒட்டுன எடத்துல அடுத்த புரோட்டீன் வந்து உக்காரும், அது ராஸ்ங்குற புரோட்டீன எழுப்பும், ராஸ் அடுத்து ராஃப்ங்குறத எழுப்பும், அப்புறம் மெக், எர்க்னு ஒண்ணுக்கொண்ணு கைமாத்தி கடைசியில செல்லோட நியூக்ளியஸுக்குப் போயி 'பிரி'ன்னு உத்தரவு விழும். வேலை முடிஞ்சதும் அந்த பாஸ்பேட்ட எடுத்துப் போடுறதுக்கு வேற என்சைம் இருக்கு, இஜிஎஃப்ஆரையே செல்லு உள்ள இழுத்து அழிச்சிடவும் செய்யும், ஆக ஆரம்பிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணுன்னா அடக்குறதுக்கு பத்து.

நம்ம வீட்டுக் காலிங் பெல்ல எடுத்துக்குங்க, ஆள் வந்து அமுக்குனாத்தான் அடிக்கணும், கைய எடுத்தா நிக்கணும். அம்மாவோட கட்டியில ஸ்விட்ச் அமுங்குன நெலையிலயே சிக்கிப் போச்சு, வெளிய ஆளே இல்ல, உள்ள அடிச்சுக்கிட்டே இருக்கு. எக்ஸான் 19 டெலிஷன்னா அந்த மரபணுவுல 19வது துண்டுல சில எழுத்து விழுந்துபோச்சுன்னு அர்த்தம், ரொம்ப சகஜமா பார்க்குறது 15 எழுத்து போயி 5 அமினோ அமிலம் காணாமப் போறது. இன்னொரு சகஜமான வகை எல்858ஆர், 858வது எடத்துல லூசின் இருக்க வேண்டியதுல ஆர்ஜினின் வந்து உக்கார்ந்திருக்கும். கட்டியில பார்க்குற இஜிஎஃப்ஆர் மாற்றங்கள்ல பத்துல எட்டு, ஒன்பது இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும், இந்த ரெண்டுக்கும் மாத்திரை நல்லா கேக்கும், அதனால இந்த ரிப்போர்ட்டுல அது ஒரு ஆறுதல்தான்னு நான் சொல்வேன்.

விதிவிலக்கே இல்லையான்னா இருக்கு. டி790எம்னு ஒரு மாற்றம், அது பிறப்புலயே வந்து ஒரு ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பத்துல பல பேருக்கு நுரையீரல் கேன்சர் வந்ததா 2005ல எழுதுனாங்க, அதுக்கப்புறமும் சில குடும்பங்கள் தெரிய வந்திருக்கு, ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம், எக்ஸான் 19 டெலிஷன் அந்தக் கணக்குலயே வராது. டாக்டருக்கு சந்தேகம் வந்தா அவரே ஜெனட்டிக் கவுன்சலிங்குக்கு அனுப்புவாரு. நீங்க மூணு பேரும் ரத்தத்துல இஜிஎஃப்ஆர் டெஸ்ட் எடுக்குறது காசுக்குக் கேடு.

ஆனா ஒண்ணு சொல்லணும், இது வேற விஷயம். அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர்னா நமக்கு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், அது இந்த மாற்றத்தால இல்ல, வேற பல சின்னச் சின்ன பரம்பரைக் காரணம், ஒரே வீட்டுக் காத்து, ஒரே அடுப்புப் புகைன்னு எல்லாம் சேர்ந்தது. தைவான்ல சிகரெட்டே பிடிக்காத 12,011 பேருக்கு, குடும்பத்துல யாருக்காவது இருந்தவங்க மாதிரி கூடுதல் ரிஸ்க் உள்ளவங்களாப் பார்த்து, குறைஞ்ச டோஸ் சிடி ஸ்கேன் எடுத்தாங்க, 2.6 சதவீதம் பேருக்கு கண்டுபிடிச்சாங்க, அதுலயும் பெரும்பாலானது ஆரம்பக் கட்டம். 2022 ஜூலையிலேர்ந்து அங்க குடும்ப வரலாறு உள்ளவங்களுக்கு அரசாங்கமே ஸ்கேன் பண்ணுது. அதனால உங்க குடும்ப டாக்டர்கிட்ட "அம்மாவுக்கு இருந்துச்சு"ன்னு கட்டாயம் சொல்லி வைங்க, ஸ்கேன் வேணுமான்னு அவரு வயசு பார்த்துச் சொல்லட்டும்.

மாப்பிள்ளை வீடு? அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, சம்பந்தி ஆகப்போறவங்க, நாளைக்கு அவங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்க வேண்டியவங்கதான். 'ஜீன் கோளாறு'ங்குற பேச்செல்லாம் எடுக்காதீங்க, அது உண்மையும் இல்ல. அதக் கேட்டு ஒரு வீடு பின்வாங்குச்சுன்னா தங்கச்சிக்கு நல்லதுதான்னு நினைச்சுக்குங்க, இது என் சொந்தக் கருத்து.

பாலிகிளினிக்ல சுகருக்கு ரத்தம் எடுத்தாங்க, அதுல இஜிஎஃப்ஆர் 78னு வந்திருக்கு. உங்க பதிலப் படிச்சதிலேர்ந்து தூக்கமே இல்ல. – ஹவ்காங் வாசகர்

நல்லா தூங்குங்கண்ணே. அது கிட்னி டெஸ்ட். ரெண்டுக்கும் ஒரே நாலெழுத்து, உங்களது கிட்னி ஒரு நிமிஷத்துல எவ்வளவு ரத்தத்த வடிகட்டுதுன்னு ரத்தத்துல இருக்குற கிரியாட்டினின்ங்குற கழிவுப் பொருள வச்சுப் போடுற கணக்கு, இங்கிலீஷ்ல எழுதுறப்ப முதல் எழுத்த சின்னதா போடுவாங்க. எண்ணோட வந்தா கிட்னி. மூணு மாசத்துக்கு மேல 60க்குக் கீழயே இருந்தாத்தான் கிட்னி நோய்னு சொல்வாங்க, 78க்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல சிறுநீர் டெஸ்ட்டும் சேர்த்துக் கேட்டுக்குங்க, போதும்.

ஜேசியில (ஜூனியர் காலேஜ்) பயாலஜி படிக்கிறேன். இந்த என்சைம யாரு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பாடத்துல ரெண்டு வரிதான் இருக்கு. – தெம்பனீஸ் மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஆரம்பம் கேன்சர் இல்ல, எலிக்குட்டி. ஸ்டான்லி கோஹன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, நரம்பு வளர்ச்சிக் காரணியத் தேடி எலியோட உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்ற பிறந்த குட்டிங்களுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாரு. சாதாரணமா எலிக்குட்டி 13, 14 நாள் ஆனாத்தான் கண்ணத் திறக்கும், இந்தக் குட்டிங்க 7வது நாளே கண்ணத் திறந்துக்கிட்டு உக்கார்ந்திருக்கு, முன்பல்லும் சீக்கிரமே முளைச்சிருக்கு. நரம்புக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம், ஏதோ கலப்படம்னு தள்ளிவிட்டிருக்கலாம். அவரு தள்ளல, இமையத் திறக்க வச்சது எதுன்னு அந்தச் சாற்றப் பிரிச்சுப் பிரிச்சு 1962ல தனியா எடுத்துட்டாரு, அதுதான் இஜிஎஃப், தோல் செல்ல வளர வைக்கிற காரணி. இஜிஎஃப் வந்து ஒட்டுற இடம்தான் இஜிஎஃப்ஆர், கடைசி எழுத்து அந்த ஏற்பிக்காக.

அந்த ஏற்பியே ஒரு என்சைம்னு தெரிய இன்னும் பல வருஷம் ஆச்சு. 1979ல டோனி ஹண்டர்னு இன்னொருத்தர் வைரஸ் புரோட்டீன் ஒண்ண ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தாரு, அப்போ பாஸ்பேட் ஒட்டுறதுன்னா செரின், திரியோனின் ரெண்டுலயும்தான்னு எல்லாரும் நம்புன காலம். அமினோ அமிலங்களத் தனித்தனிப் புள்ளியா பிரிச்சுப் பார்க்குறதுக்கு ஊத்துற கரைசல், அதான் பஃபர், அதப் புதுசா கலக்க சோம்பல்பட்டு பழசையே ஊத்தி ஓட்டியிருக்காரு, பழகிப் பழகி அதோட அமிலத்தன்மையக் காட்டுற பிஹெச் 1.9லேர்ந்து 1.7க்கு இறங்கியிருந்துச்சு, அந்த வித்தியாசத்தாலதான் வழக்கமா திரியோனினோட ஒட்டிக்கிட்டுப் போற புள்ளி பிரிஞ்சு தனியா நின்னுச்சு, பார்த்தா டைரோசின். லேப்ல வேலை பார்த்தவளா சொல்றேன், பழைய பஃபர ஊத்துனா எங்க சூப்பர்வைசர் கொன்னே போட்டிருப்பாங்க, தம்பி நீ ப்ராக்டிகல்ல இத முயற்சி பண்ணிடாத. அடுத்த வருஷமே இஜிஎஃப்ஆரும் டைரோசின்லதான் ஒட்டுதுன்னு கோஹன் லேப்ல காட்டுனாங்க.

1984ல இன்னும் பெரிய சமாச்சாரம். லண்டன்ல ஒரு குழு இஜிஎஃப்ஆரோட அமினோ அமில வரிசையில கொஞ்சத்தப் படிச்சு, தெரிஞ்ச வரிசைங்களோட ஒப்பிட்டுப் பார்த்தா, கோழிக்கு ரத்தப் புற்றுநோய் கொடுக்குற ஒரு வைரஸோட மரபணுவோட போய் பொருந்துது. வைரஸ் எப்பவோ கோழிக்கிட்டேருந்து இத எடுத்துக்கிட்டுப் போயிருக்கு, அதுவும் வெளிப் பக்கத்த வெட்டிட்டு உள் பக்கத்த மட்டும். வெளிப் பக்கம் இல்லன்னா யாரும் வந்து ஒட்டத் தேவையில்ல, எப்பவும் வேலைதான். கேன்சர் மரபணுங்குறது வெளியிலேர்ந்து வர்ற பேய் இல்ல, நம்ம சொந்த சிக்னல் மரபணு கட்டுப்பாடு இழந்ததுதான்னு அப்பத்தான் பலருக்கு உறைச்சுது. 1986ல கோஹனுக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியக் கண்டுபிடிச்ச ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் நோபல் கொடுத்தாங்க. பரீட்சைக்கு இவ்வளவும் வேண்டாம், படிச்சு வச்சுக்க.

அம்மாவுக்கு பயாப்ஸி எடுத்து வாரக்கணக்கா ஆகுது, மரபணு ரிசல்ட் வரணும்னு காத்திருக்கச் சொல்றாங்க. கேன்சர வச்சுக்கிட்டு காத்திருக்குறதா? அந்த மாத்திரையவோ கீமோவையோ உடனே ஆரம்பிச்சா என்ன? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதட்டம் புரியுது தம்பி. ஆனா இந்தக் காத்திருப்புக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. ஜெஃபிடினிப்ங்குற முதல் மாத்திரைய ஜப்பான்ல 2002லயே விட்டாங்க, யாருக்கு வேலை செய்யும்னு தெரியாமலே. பத்துப் பேருக்குக் கொடுத்தா ஒண்ணு ரெண்டு பேருக்கு கட்டி கரைஞ்சு ஆச்சரியமா எழுந்து நடப்பாங்க, மத்தவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது, பெண்கள், சிகரெட் பிடிக்காதவங்க, ஆசியாக்காரங்களுக்குத்தான் அதிகமா கேட்டுச்சு, ஏன்னு யாருக்கும் புரியல. 2004ல பாஸ்டன்ல, நல்லா கேட்ட 9 பேரோட கட்டிய எடுத்துப் பார்த்தா 8 பேருக்கு இஜிஎஃப்ஆர் மாறியிருக்கு, கேக்காத 7 பேர்ல ஒருத்தருக்கும் இல்ல. அப்புறம் நம்ம சிங்கப்பூர் உட்பட ஆசியாவுல 1,217 பேர வச்சு ஐபாஸ்னு ஒரு பெரிய ஆய்வு, 2009ல முடிவு வந்துச்சு: மாற்றம் இருந்தவங்களுக்கு மாத்திரையில கட்டி சுருங்குனது 71.2 சதவீதம் பேருக்கு, மாற்றம் இல்லாதவங்களுக்கு 1.1 சதவீதம். ஒண்ணே ஒண்ணு! அவங்களுக்கு கீமோவே எவ்வளவோ மேல். ஆக ரிசல்ட் தெரியாம மாத்திரை கொடுத்தா சூதாட்டம்தான்.

இன்னொண்ணு, ரிசல்ட் வர்றதுக்குள்ள இம்யூனோதெரபிய, அதான் உடம்போட எதிர்ப்பு சக்தியத் தூண்டி விடுற சிகிச்சைய, ஆரம்பிச்சுட்டு பின்னால ஓசிமெர்டினிப்ங்குற புது இஜிஎஃப்ஆர் மாத்திரைக்கு மாறுனா நுரையீரல்ல அழற்சி வர்ற ஆபத்து கூடுது, அதனாலயும் டாக்டருங்க கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க. மூச்சு வாங்குறது அதிகமாச்சு, நிலைமை மோசமாகுதுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, போன் பண்ணி "ரத்தத்துல பார்க்க முடியுமா"ன்னு கேளுங்க, கட்டியிலேர்ந்து உதிர்ற டிஎன்ஏ ரத்தத்துல ஓடும், அதுல சில சமயம் சீக்கிரமாவே தெரிஞ்சிடும்.

என் வீட்டுக்காரர் மாத்திரை ஆரம்பிச்சதும் மூஞ்சி முழுக்கப் பரு, நகக்கண்ணு வீங்கி சீழ் வைக்குது, வயித்தால வேற போகுது. வேலையிடத்துல ஒட்டுவாரொட்டியான்னு கேக்குறாங்களாம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? மஞ்சள், முள்சீத்தா இலை கஷாயம் கொடுக்கலாமா? – அங் மோ கியோ வாசகி

நீங்களா நிறுத்தாதீங்க, முதல் விஷயம் அதுதான். கோஹனோட எலிக்குட்டிக்கு தோல் வேகமா வளர்ந்துதான் கண்ணு திறந்துச்சுன்னு மேல சொன்னேன்ல, அதே சிக்னல்தான் நம்ம தோலுக்கும், நகத்தோரத்துக்கும், குடல் உள்தோலுக்கும் தினமும் வேணும். ஜெஃபிடினிப் மாதிரி மாத்திரைங்க ஏடிபி போய் உக்கார்ற குழியில தான் போய் உக்கார்ந்துக்குது, கட்டியில இருக்குற கெட்டுப்போன என்சைமும் அடங்கும், தோல்ல இருக்குற நல்ல என்சைமும் கொஞ்சம் அடங்கும். அதனால வர்றதுதான் இது, பார்க்கப் பரு மாதிரி இருந்தாலும் பரு இல்ல, வயசுப் பசங்களுக்கு விக்கிற பருக் கிரீமப் போட்டா தோல் இன்னும் வறண்டு எரியும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயில்ல போனா சன்ஸ்கிரீன், அதுக்கும் அடங்கலன்னா டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக்கும் களிம்பும் எழுதுவாரு, தாங்கமுடியலன்னா டோஸ குறைப்பாரு இல்ல கொஞ்ச நாள் நிறுத்துவாரு, அந்த முடிவு அவருது. ஒட்டுவாரொட்டி இல்லவே இல்லன்னு வேலையிடத்துல சொல்லச் சொல்லுங்க. பரு வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு ஒரு பேச்சு இருக்கு, வராதவங்களுக்கும் நல்லா வேலை செய்யுது, அதக் கணக்குல எடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை: திடீர்னு மூச்சு திணறுச்சு, வறட்டு இருமல் புதுசா வந்துச்சுன்னா அது நுரையீரல் அழற்சியா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

கஷாயம்... சமையல்ல போடுற மஞ்சள் பத்திக் கவலை வேண்டாம், ரசத்துல சாம்பார்ல எப்பவும் போல போடுங்க. கேப்சூலா விக்கிற மஞ்சள் சாறு, இலைக் கஷாயம், வாட்ஸ்அப்ல வர்ற பொடி எல்லாத்தையும் நிறுத்தி வைங்க. ஜெஃபிடினிப்ப உடைக்கிறது கல்லீரல்ல இருக்குற ஒரு என்சைம், மூலிகைங்க சிலது அந்த என்சைமக் கூட்டும், சிலது அடக்கும், ரெண்டும் ஆபத்து. கிரேப்ஃப்ரூட் ஜூஸும் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போடுறாரான்னு பாருங்க, வயித்துல அமிலம் குறைஞ்சா ஜெஃபிடினிப், அதே வகையைச் சேர்ந்த எர்லோடினிப் ரெண்டும் சரியா ரத்தத்துல ஏறாது, ஓசிமெர்டினிப்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல. எந்த மாத்திரைன்னு நீங்க எழுதல, ஃபார்மசிஸ்ட்கிட்ட வீட்ல இருக்குற எல்லா மருந்தையும் பையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

இது சீனருக்கு வர்றதுதானே, நம்ம இந்தியருக்கு எதுக்கு இந்த டெஸ்ட்? – செங்காங் வாசகர்

சீனருக்கு அதிகம்ங்குறது உண்மை. பயனியர்னு ஒரு ஆய்வு, 2014ல வந்துச்சு, ஆசியாவுல ஏழு இடத்துல அடினோகார்சினோமாங்குற வகை நுரையீரல் கேன்சர் வந்தவங்களப் பார்த்தாங்க, மொத்தத்துல 51.4 சதவீதம் பேருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம், வியட்நாம்ல 64.2. இந்தியாவுல பெங்களூர்ல மட்டும் எடுத்தாங்க, 22.2 சதவீதம். குறைச்சல்தான், ஆனா அஞ்சுல ஒருத்தர்ண்ணே, வெள்ளைக்காரங்கள விடவும் ஜாஸ்தி! அஞ்சுல ஒரு வாய்ப்ப விட்டுட்டு கீமோவுக்குப் போவீங்களா? சிகரெட் பிடிச்சவங்களுக்கும் வரும், ஆனா பிடிக்காதவங்களுக்குத்தான் அதிகம். அதனால ரேஸ் பார்த்து டெஸ்ட் எடுக்கிறதில்ல.

ஒவ்வொரு ஹேஸ் (புகைமூட்டம்) சீசன்லயும் பயமா இருக்கு. காத்து மாசால இந்த மரபணு மாறிடுமா? – பூன் லே வாசகி

2013 ஜூன் 21 யாரு மறப்பா, காத்து மாசு அளவக் காட்டுற பிஎஸ்ஐ 401, எதிர் பிளாக் தெரியல, ஜன்னல் எல்லாம் டேப் போட்டு அடைச்சிருந்தோம். உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்ற மாதிரி 2023ல லண்டன் குழு ஒண்ணு நேச்சர் இதழ்ல எழுதுனாங்க. இங்கிலாந்து, தென் கொரியா, தைவான் மூணு நாட்டுலயும் பிஎம்2.5ங்குற ரொம்ப நுண்ணிய தூசி கூடுற எடத்துல இஜிஎஃப்ஆர் மாறுன கேன்சரும் கூடுது. ஆனா தூசிதான் மரபணுவ மாத்துதான்னு பார்த்தா, பெரும்பாலும் அப்படி இல்ல. கேன்சர் இல்லாத சாதாரண நுரையீரல் துண்டு 295 எடுத்துப் பார்த்ததுல 18 சதவீதத்துல ஏற்கனவே இஜிஎஃப்ஆர் மாறுன செல்லு கொஞ்சம் இருக்கு! வயசாக ஆக தானா வர்ற பிழை, பேசாமக் கிடக்கும், பெரும்பாலும் கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. தூசி உள்ள போனா நுரையீரல்ல இருக்குற காவல் செல்லுங்க இன்டர்லியூகின் 1 பீட்டாங்குற ரசாயனத்த விடுது, அந்த அழற்சிதான் தூங்கிக்கிட்டு இருந்த செல்லத் தூண்டி விடுதுன்னு எலியில காட்டுனாங்க, அந்த ரசாயனத்தத் தடுத்தா கட்டி வர்றதும் குறையுது.

சிகரெட் பிடிக்காதவங்களுக்கு ஏன் வருதுங்குற கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் வந்ததுல திருப்தியான விளக்கம் இதுதான். இது வருஷக்கணக்கா சுவாசிக்கிற தூசியப் பத்தினது, ஒரு ஹேஸ் வாரத்துல கேன்சர் வந்துடும்னு சொல்லல, அதனால பயப்படாதீங்க. ஹேஸ் வந்தா தேசியச் சுற்றுப்புற வாரியம் (என்இஏ) போடுற எண்ணப் பாருங்க, மோசமா இருந்தா என்95 முகக்கவசம். வருஷம் முழுக்க வீட்டுக்குள்ள நாம உண்டாக்குற புகையப் பத்தித்தான் யாரும் கேக்குறதில்ல, கொதிக்கிற எண்ணெயில பொரிக்கிற புகைய உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி மையம் 'கேன்சர் உண்டாக்க வாய்ப்பு அதிகம்'ங்குற 2ஏ பட்டியல்லதான் வச்சிருக்கு. தீபாவளிக்கு முறுக்கு சுடுறப்ப வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும்னு ஜன்னல சாத்தாதீங்க, போகட்டும்.

அப்பா ஒரு வருஷத்துக்கு மேல ஜெஃபிடினிப்ல நல்லா இருந்தாரு, இப்ப கட்டி திரும்ப வளருது. திரும்பவும் டெஸ்ட்ங்குறாங்க. ஏற்கனவே எடுத்ததுதானே? – பிடோக் வாசகர்

பழைய ரிசல்ட் பழைய கட்டிக்கு. மாத்திரைக்கு அடங்காத செல்லுங்க மட்டும் பொழைச்சுப் பெருகியிருக்கு, அதுங்க எப்படித் தப்பிச்சுதுன்னு பார்க்கணும். ஜெஃபிடினிப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல டி790எம்தான் காரணம், அந்த மாற்றம் வந்தா ஏடிபி அந்தக் குழியில இன்னும் கெட்டியா உக்காரும், மாத்திரையால போட்டி போட முடியாது. மேல பரம்பரைன்னு சொன்ன அதே டி790எம்தான், ஆனா அப்பாவுக்கு இது கட்டியில புதுசா வந்ததுதான், குழப்பிக்காதீங்க. இதுக்குன்னே செஞ்சதுதான் ஓசிமெர்டினிப், 797வது எடத்துல இருக்குற சிஸ்டீனப் பிடிச்சுக்கிட்டு விடாது, அமெரிக்காவுல 2015 நவம்பர்ல அனுமதி கிடைச்சுது. இப்ப இதையே பல பேருக்கு முதல் மாத்திரையா கொடுக்குறாங்க, முதல்லயே கொடுத்தா நோய் சராசரியா 18.9 மாசம் அடங்கியிருக்கு, பழைய மாத்திரையில 10.2. இதுக்கும் ஒரு நாள் எதிர்ப்பு வரும், அந்த 797வது எடமே மாறும், இல்ல மெட்னு பக்கத்துல இருக்குற வேற சிக்னல் மரபணு பெருகிடும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் டெஸ்ட். அப்பாவுக்கு ரத்தத்துலயே பார்க்கலாமான்னு கேளுங்க, அதுல டி790எம் தெரிஞ்சா ஊசி குத்துறது மிச்சம், தெரியலன்னா இல்லைன்னு அர்த்தம் ஆகாது, திசுவ எடுத்துத்தான் பார்க்கணும்.

அம்மா ரிப்போர்ட்டால எனக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காமப் போயிடுமா? மாத்திரைக்கு மெடிஷீல்ட் (அரசாங்க மருத்துவக் காப்புறுதி) கட்டுமா? – சுவா சூ காங் வாசகி

அம்மா கட்டியில எடுத்த டெஸ்ட் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல, அத உங்க ரிசல்ட்டா யாரும் எடுத்துக்க முடியாது. அது தவிர 2021 அக்டோபர்லேர்ந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் போட்ட ஒரு ஏற்பாடு இருக்கு, நாளைக்கு என்ன நோய் வரும்னு முன்கூட்டிச் சொல்ற மரபணு டெஸ்ட்ட எடுன்னு இன்ஷூரன்ஸ் உங்கள வற்புறுத்தக் கூடாது. ஆனா விண்ணப்பத்துல "பெற்றோருக்கு கேன்சர் இருந்ததா"ன்னு கேட்டிருந்தா ஆமான்னுதான் எழுதணும், மறைச்சா பின்னால கிளெய்ம் கிடைக்காமப் போயிடும், ஏஜென்ட் "விடுங்க பார்த்துக்கலாம்"னு சொன்னாலும் கேக்காதீங்க.

மாத்திரைக்கு, 2022 செப்டம்பர்லேர்ந்து மெடிஷீல்ட் லைஃப் கேன்சர் மருந்துப் பட்டியல்ல இருக்குறதுக்குத்தான் கட்டும், அதுவும் எந்த நிலைக்கு, எந்த மாற்றத்துக்குன்னு போட்டிருக்குற படி இருந்தாத்தான், மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு உச்சவரம்பும் உண்டு. பட்டியல அப்பப்ப மாத்துறாங்க, அதனால நான் இங்க தொகை எழுதுனா பத்திரிகை உங்க கைக்கு வர்றதுக்குள்ள பழசாயிடும். அமைச்சோட இணையதளத்துல மருந்துப் பேரப் போட்டுத் தேடுங்க, அம்மா ரிப்போர்ட்ல இருக்குற எக்ஸான் நம்பரையும் கையில வச்சுக்குங்க. கையிலேர்ந்து கட்ட வேண்டியது ரொம்ப அதிகமா வந்தா பில் வர்ற வரைக்கும் காத்திருக்காம, மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கரப் பார்க்கணும்னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க, சம்பளச் சீட்டு, வீட்ல எத்தனை பேர்ங்குற விவரம் எல்லாம் கேப்பாங்க, அதையும் எடுத்துட்டுப் போங்க.